ஆகஸ்டில் நின்றுபோன காலண்டர்

காலண்டரில் படமாகத் தொங்கும் இடங்கள், தாங்கள் தொங்கிய வீட்டில் இருந்தவர்களை வாழ்நாளில் ஒருமுறை நேரில் பார்க்க அழைக்கும். அழைப்பு தபாலில் வரும். திருப்பூரில் புஷ்பக்கனி குடியிருந்த தெருவில் அதுவரை மூன்று பேருக்கு வந்திருந்தது. சலூன் வைத்திருந்த மாயாண்டியை சுவிட்சர்லாந்தில் ஓர் ஏரி அழைத்தது. அது அவர் கடையின் பின்சுவரில் இருபத்தாறு வருடம் தொங்கி, அவரைக் கண்ணாடியில் இடவலம் மாறியே பார்த்திருந்தது. மாயாண்டி போய்த் தன் வலது கை எது, இடது கை எது என்று காட்டிவிட்டு நான்காம் நாள் திரும்பி வந்து கடையைத் திறந்தார்.

புஷ்பக்கனிக்கு ஃபூஜி மலை எழுதியிருந்தது. மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கடிதத்தைப் பிரித்தாள்.

'1988ஆம் வருடம் ஜனவரி, பிப்ரவரி ஆகிய இரண்டு மாதங்கள் சிவகாசியில் உங்கள் வீட்டு முன்னறையில் இருந்தேன். சகோதரிகள் இருவரையும் தினமும் பார்த்தேன். நீங்கள் பேசியது எதுவும் கேட்கவில்லை, காகிதத்துக்குக் காது கிடையாது. எனவே சில சந்தேகங்கள் உண்டு. இருவரும் சேர்ந்து வரவும். ஒருவர் மட்டும் வந்தால் அடையாளம் தெரியாது.'

கீழே மலையின் கையெழுத்து இருந்தது. அதற்கும் கீழே கியோட்டோ நகரத்துச் சிவப்பு வாசல்கள், நாரா ஊரின் மான்கள், மியாஜிமா தீவின் கடல் வாசல் ஆகியவையும் கையெழுத்திட்டிருந்தன. அந்தக் காலண்டரில் ஆறு தாள்கள், தாளுக்கு இரண்டு மாதம், ஒவ்வொன்றிலும் ஜப்பானில் ஓர் இடம். கடைசி இரண்டு தாள்களின் இடங்கள் கையெழுத்துப் போடவில்லை.

கடிதத்தின் அடியில் சம்மதம் தெரிவிக்க இரண்டு கட்டங்கள் இருந்தன. முதல் கட்டத்தில் ஏற்கெனவே கையெழுத்து இருந்தது. 'வே. ஜெயக்கொடி' என்று, ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக நிறுத்திவைத்ததுபோல. கடிதம் முதலில் சிவகாசிக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்திருக்கிறது.

புஷ்பக்கனி அக்காவின் அந்தக் கையெழுத்தைப் பார்த்து முப்பத்தேழு வருடம் ஆகியிருந்தது.

அக்காவும் அவளும் தாய் தகப்பன் இல்லாமல் வளர்ந்தவர்கள். ஏழு வயது மூத்த அக்கா அச்சாபீசில் காலண்டரின் மேல்விளிம்பில் தகரப் பட்டை அடிக்கும் வேலை பார்த்துத் தங்கையை வளர்த்தாள். ஜப்பான் காலண்டரைக் கொண்டுவந்து மாட்டியதும் அவள்தான். மலையின் ஓரத்தில் சிவப்பு நிறம் ஒரு நூல் தள்ளி அச்சாகியிருந்ததால் கழித்துப் போட்ட பிரதி அது. அந்த வருடம் ஆகஸ்ட் பதினேழாம் தேதி, புஷ்பக்கனி அக்காவிடம் சொல்லாமல் துரைச்சாமியோடு திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டாள். துரைச்சாமி வேறு சாதி. டிசம்பரில் ஒருமுறை மட்டும் சிவகாசிக்கு வந்து கதவைத் தட்டினாள். உள்ளே ஆள் இருந்தது. கதவு திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்த ஊர்ப் பக்கமே போகவில்லை. அந்த வீட்டையும் இடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டாள்.

"போறியா?" என்று துரைச்சாமி கேட்டார்.

"மலையைப் பாக்கத்தான் போறேன். வேற யாரையும் பாக்க இல்ல."

"மலை கூப்பிட்டா போகணும்" என்றார் துரைச்சாமி. "மாயாண்டியும் இப்படித்தான் முதல்ல யோசிச்சாரு."

புஷ்பக்கனி இரண்டாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். ஏன் கதவைத் திறக்கவில்லை என்று ஒரே ஒரு கேள்வி அவளுக்குள் முப்பத்தேழு வருடமாக இருந்தது. அதைக் கேட்பதற்காகப் போகவில்லை என்று பெட்டி அடுக்கும்போது இரண்டு தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

*

சென்னை விமான நிலையத்தில் அக்கா ஒரு நாற்காலியில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. தங்கையை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பையின் வாயைச் சுருக்கி இறுக்கினாள். அவ்வளவுதான். இடங்கள் அனுப்பிய டிக்கெட் என்பதால் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை.

சாப்பாடு வந்தபோது அக்கா பணிப்பெண்ணிடம் சொன்னாள்: "அவங்களுக்குத் தயிர் ஆகாது. சளி பிடிக்கும். வேற இருந்தா குடும்மா."

புஷ்பக்கனி அதே பணிப்பெண்ணிடம் சொன்னாள்: "இப்பல்லாம் ஆகும்னு அவங்ககிட்டச் சொல்லுங்க."

பணிப்பெண் இரண்டையும் உரிய இடத்தில் சேர்த்துவிட்டுத் தயிரை வைத்துவிட்டுப் போனாள்.

டோக்கியோவில் ஒகாடா என்ற பெண்மணி அவர்கள் பெயரெழுதிய அட்டையோடு காத்திருந்தார். இடங்களின் சார்பில் கேள்வி கேட்பது அவருடைய வேலை. தினசரிக் காலண்டரின் கிழித்த தாள்களைப் படித்தே தமிழ் கற்றவர்.

"வணக்கம்" என்றார். "இன்று சமநோக்கு நாள். கரிநாள் அல்ல. மேற்கே சூலம் இல்லை. நாம் மேற்கேதான் போகிறோம்."

"நல்லதாப் போச்சு" என்றாள் அக்கா.

மலைக்கு எதிரே ஏரிக்கரையில் ஓர் அறை கட்டியிருந்தார்கள். சிவகாசி வீட்டு முன்னறையின் அதே அளவு. இடப்பக்கம் கயிற்றுக்கட்டில், வலப்பக்கம் அடுப்படிக்குப் போகும் வாசல், மூலையில் தகரப்பெட்டி. காலண்டர் தொங்கிய இடத்தில் காலண்டர் அளவுக்கு ஒரு சன்னல். மலை அதன் வழியாகப் பார்க்கும். அன்று மலை தன்னைச் சுற்றி மேகத்தை இழுத்துப் போர்த்தி, இந்தச் சன்னல் பக்கம் மட்டும் விலக்கி வைத்திருந்தது. அதைப் பார்க்கவென்று வந்த பயணிகள் வெளியே கேமராவோடு மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சகோதரிகள் கட்டிலின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள். மலை அவர்களை வெகுநேரம் பார்த்தது. நெடுநாள் கழித்து வந்த உறவினர் பார்ப்பதுபோல, முதலில் முகத்தை, பிறகு கையை, பிறகு காலை.

"ஓரத்துல செவப்பு இல்ல" என்றாள் அக்கா, யாருக்கென்று இல்லாமல்.

ஒகாடா குறிப்பேட்டைத் திறந்தார். "மலை கேட்கிறது. ஜனவரி ஒன்பதாம் நாள் மாலை, மூத்தவர் பித்தளைக் குடத்துக்குள் தலையை விட்டுச் சிரித்தார். காரணம் யாது?"

"அவங்களையே கேளுங்க" என்றாள் புஷ்பக்கனி.

"இருவரும் சேர்ந்து சொல்லவேண்டும். தனித்தனி விடை செல்லாது."

ஏரியில் ஒரு படகு போய்த் திரும்பியும் வந்துவிட்டது. மலைக்கு அவசரம் எதுவும் இல்லை. புஷ்பக்கனிக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. குடத்தை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"அச்சாபீஸ் போர்மேன் நடக்கற மாதிரி நடந்து காட்டினேன்" என்றாள் கடைசியில். "அதுக்குச் சிரிச்சா."

"போர்மேன் இல்ல" என்றாள் அக்கா. "வாட்ச்மேன்."

"போர்மேன்தான்."

"வாட்ச்மேனுக்குத்தான் ஒரு கால் கட்டை. போர்மேன் நல்லாத்தான் நடப்பாரு. அவரு மாதிரி நடந்து காட்டினா சிரிக்க என்ன இருக்கு?"

புஷ்பக்கனி யோசித்துப் பார்த்தாள். அக்கா சொன்னது சரி. "வாட்ச்மேன்" என்றாள்.

"குடத்துக்குள் ஏன்?" என்று ஒகாடா கேட்டார். "மலை வலியுறுத்துகிறது."

"பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேக்கும். வயசுப்பிள்ளைக ரெண்டு பேரும் ஆம்பளை இல்லாத வீட்டுல இருந்துக்கிட்டு எப்படிச் சிரிக்காளுக பாருன்னு தெரு பூராச் சொல்லுவா" என்றாள் அக்கா. "அதனால சிரிப்பு வந்தா குடத்துக்குள்ளதான் சிரிப்போம்."

"நானும்தான்" என்றாள் புஷ்பக்கனி.

விடை ஏற்கப்பட்டது. மலை திருப்தியோடு மேகத்தைச் சன்னல் பக்கமாகவும் மூடிக்கொண்டது.

*

கியோட்டோவில் குன்றின் அடியிலிருந்து உச்சிவரை ஆயிரக்கணக்கில் சிவப்பு வாசல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. சகோதரிகள் ஒவ்வொரு வாசலுக்குள்ளும் நுழைந்து கடக்கவேண்டும் என்பது முறை. முப்பது வாசல் தாண்டியதும் அக்காவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இவங்களுக்கு முடியாது" என்று புஷ்பக்கனி ஒகாடாவிடம் சொன்னாள்.

ஒகாடா அதைத் தெரிவித்தார். அதனால் வாசல்கள் நகர்ந்தன. ஒவ்வொன்றாக இறங்கிவந்து, படியில் உட்கார்ந்திருந்த இருவரையும் தலைக்குமேல் கடந்து, கீழே போய் வரிசையில் நின்றுகொண்டன. எல்லாம் கடக்க மத்தியானம் ஆகிவிட்டது. வெயிலும் நிழலும் மாறிமாறி விழுந்துகொண்டே இருந்ததில் அக்காவுக்குக் கண் சொக்கியது. அவள் தலை தன் தோளில் சாய்ந்தபோது புஷ்பக்கனி நகரவில்லை. நகர்ந்தால் வாசல்களுக்கு இடைஞ்சல் என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசி வாசல் நின்று கேட்டது. "சித்திரை முதல் நாள் இளையவர் புதுப்பாவாடை தாவணி உடுத்தியிருந்தார். ஆயினும் மாலையில் அழுதார். ஏன்?"

அக்கா கண்விழித்து, "இவ எதுக்கு அழுதான்னு எனக்குத் தெரியாது" என்றாள்.

புஷ்பக்கனிக்குத் தெரியும். "எனக்கு மட்டும் எடுத்துக் குடுத்துட்டு, தனக்குத் தையக்கடையில இருக்கு, சாயங்காலம் வந்துரும்னு சொன்னா. சாயங்காலம் வரைக்கும் வாசல்லயே நின்னு பாத்தேன். தையக்கடையில இருந்து ஒண்ணும் வரல."

அக்கா முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "பாவாடை கட்டையாப் போச்சுன்னு அழுதான்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

"இரண்டு விடை வருகிறதே" என்றார் ஒகாடா.

"அவ சொன்னதே இருக்கட்டும்" என்றாள் அக்கா.

நாராவில் மான்கள் புல்தரையில் வரிசையாக நின்று குனிந்து வணங்கின. அக்காவும் பதிலுக்குக் குனிந்தாள். படத்தில் இருந்தவை பதினொரு மான்கள். அதில் ஒன்று படம் எடுக்கும்போது திரும்பி நின்றுவிட்டதால் அந்த இரண்டு மாதமும் சுவரைத்தான் பார்த்திருந்தது. என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள அதுவும் வந்திருந்தது. மற்ற பத்துக்குள்ளும் ஒற்றுமை இல்லை. ஜூன் மாதம் இளையவர் தெருவாசலில் அடிக்கடி நின்றது பஸ்ஸைப் பார்க்க என்று ஆறு மான்கள் கூறின. சைக்கிளில் வந்த ஓர் ஆணைப் பார்க்க என்று நான்கு கூறின.

"நாலு மான் சொன்னதுதான் சரி" என்றாள் புஷ்பக்கனி. அந்த வயதிலும் அவளுக்கு முகம் சூடானது.

"எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா.

"என்ன தெரியும்?"

"நம்ம தெருவுல ஒரு நாளைக்கு மூணு தடவை சைக்கிள் மணி அடிச்சுக்கிட்டுப் போறவன் யாருன்னு பாக்க மாட்டேனா? பேரு துரைச்சாமி. லோடு ஏத்தற வேலை. குடிக்க மாட்டான். எல்லாம் விசாரிச்சேன்."

"தெரிஞ்சும் ஏன் என்கிட்டக் கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன்."

நீ, நான் என்று அவர்கள் நேருக்கு நேராகப் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான். மான்கள் பயணிகள் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டே கேட்டன. திரும்பி நின்ற மான் இடத்தை விட்டு அசையாமல் கேட்டது. சொல்லியிருந்தால் அக்கா ஒத்துக்கொண்டிருப்பாளா என்று அன்று ராத்திரி முழுவதும் புஷ்பக்கனி யோசித்தாள். ஒத்துக்கொண்டிருப்பாள் என்று ஒரு பக்கம் தோன்றியது. அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

*

மியாஜிமாவில் வாசல் கடலுக்குள் நின்றது. அவர்கள் போனபோது நீர் ஏறியிருந்தது. கரையில் அதே அறை, அதே கட்டில், அதே சன்னல்.

ஒகாடா அன்று குறிப்பேட்டை மூடியே வைத்திருந்தார். "இன்று கீழ்நோக்கு நாள்" என்றார். "மற்ற இடங்கள் உங்களை இரண்டிரண்டு மாதம் பார்த்தன. கடல் வாசலின் மாதங்கள் ஜூலை, ஆகஸ்ட். ஆனால் செப்டம்பர் பிறந்தபோது தாளை யாரும் திருப்பவில்லை. அக்டோபரிலும் திருப்பவில்லை. வருடம் முடியும்வரை கடல் வாசலே தொங்கியது. ஆகவே அது ஆறு மாதம் பார்த்திருக்கிறது. பின்னால் இருந்த இரண்டு தாள்களும் வீட்டைப் பார்க்கவே இல்லை."

புஷ்பக்கனி அக்காவைப் பார்த்தாள். தேதி தாண்டிவிட்டால் காலண்டரை அப்படியே விட்டுவைக்கிற ஆள் அல்ல அவள். மாதம் பிறக்கும் அன்று காலையில் பல் விளக்குமுன் திருப்பிவிடுவாள்.

"கேட்பதற்கு முன் பார்த்ததைச் சொல்ல வாசல் விரும்புகிறது" என்றார் ஒகாடா. "ஆகஸ்ட் பதினேழுக்குப் பிறகு மூத்தவர் தினமும் இரண்டு தட்டு எடுத்துவைத்தார். ஒரு தட்டில் சோறு போட்டார். இன்னொன்றைக் கவிழ்த்துவைத்தார். அக்டோபரில் அந்த இன்னொரு தட்டில் தான் சாப்பிட்டுத் தன் தட்டைக் கவிழ்த்துவைத்தார். இதற்குக் காரணம் கேட்கவில்லை. இதை வாசல் தானே புரிந்துகொண்டது."

அக்கா சேலை முந்தியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கேள்வி இனிமேல்தான். டிசம்பர் இருபத்தேழாம் நாள் காலை பத்துமணி அளவில் மூத்தவர் தெருக்கதவின் அருகே ஓடினார். தாழ்ப்பாளில் கை வைத்தார். நாற்பது நிமிடம் அப்படியே நின்றார். கையை எடுக்கவும் இல்லை, தாழ்ப்பாளை நீக்கவும் இல்லை. கதவுக்கு வெளியே இருப்பது வாசலுக்குத் தெரியவில்லை. அது மூடிய கதவை உள்ளேயிருந்து மட்டுமே பார்த்தது. வெளியே யார்? என்ன சொன்னார்? உள்ளே இருந்தவர் ஏன் திறக்கவில்லை?"

வெளியே கடல் சுவரில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. தான் கேட்க நினைத்ததை வாசல் கேட்டுவிட்டது என்று புஷ்பக்கனிக்குப் புரிந்தது. ஆனால் கேள்வியின் பாதி அவளுக்கானது. முதலில் அதைத்தான் சொல்லவேண்டும்.

"வெளியே நான்தான்" என்றாள். "அக்கா, அக்கான்னு தட்டினேன். கதவுக்குக் கீழ அவ கால் நிழல் தெரிஞ்சுச்சு. நிக்கறான்னு தெரிஞ்சும் திறக்கலைன்னதும் வாயில வந்ததைச் சொன்னேன்."

"சொற்களை அப்படியே கேட்கிறது."

"நீ பெரிய மனுசியாவே இரு. உனக்கு நான் செத்துப்போனேன்னு வச்சுக்கோ. உன் வாசல்ல இனிமே என் நிழல்கூட விழாது. இப்படிச் சொன்னேன். பிரசவத்துக்கு நீ வந்து இருக்கியான்னு கேக்கத்தான் போனேன். அதைச் சொல்லவே இல்ல."

ஒகாடா அக்காவின் பக்கம் திரும்பினார்.

"எனக்கு அன்னைக்குக் காலையிலதான் அம்மை போட்டிருந்துச்சு" என்றாள் அக்கா. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. ரேஷன் கடையில் விலாசம் சொல்வதுபோலச் சொன்னாள். "அச்சாபீசுல நாலஞ்சு பேருக்கு வந்துச்சு, எனக்கும் ஒட்டிக்கிச்சு. வாசல்ல வேப்பிலைகூட இன்னும் சொருகல. இவ குரலு கேட்டதும் ஓடினேன். கதவுப் பலகை இடுக்குல பாத்தேன். இவ சேலையை அடிவயித்துக்குக் கீழ எறக்கிக் கட்டியிருந்தா. நாலு மாசம்னு தெரிஞ்சுபோச்சு. மாசமா இருக்கவளுக்கு அம்மை ஒட்டினா பிள்ளைக்கு ஆகாது. கதவை எப்படித் திறப்பேன்?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் புஷ்பக்கனி.

"அம்மைன்னு சொன்னா நீ போயிருப்பியா? கதவை ஒடச்சுக்கிட்டு உள்ள வந்து என் தலைமாட்டுல உக்காந்திருப்பே. சொன்னா கேக்கற புத்தி உனக்கு என்னைக்கு இருந்துச்சு? வாயைத் தொறந்தா அழுதுருவேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். நீ வைதது நல்லதாப் போச்சு. வைதாத்தான் போவே."

"அதுக்கப்புறம்? அம்மை எறங்கித் தண்ணி ஊத்தினதுக்கு அப்புறம்?"

அக்கா முந்தியை விரலிலிருந்து பிரித்துவிட்டாள். "அப்புறம் கோவம் வந்துருச்சு" என்றாள். "செத்துப்போனேன்னு வச்சுக்கோன்னு எப்படிச் சொல்லலாம்னு. நாளைக்கு வருவே, அடுத்த மாசம் வருவேன்னு இருந்தேன். நானா வரக்கூடாதுன்னும் இருந்தேன். அப்படியே இருந்துட்டேன்."

புஷ்பக்கனி அழுதாள். சத்தம் வராமல்தான் அழுதாள். அந்த அறையில் குடம் இல்லை. அக்கா கட்டிலின் அந்த முனையிலிருந்து நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தட்டிக்கொடுக்கவில்லை. தங்கையின் தோளில் மடிந்து கிடந்த சேலைத் தலைப்பை நீவிச் சரிசெய்தாள், சரியான பிறகும் நீவிக்கொண்டிருந்தாள்.

விடை ஏற்கப்பட்டதா என்று ஒகாடா சொல்லவில்லை. கடல் வடியத் தொடங்கியது. முதலில் சன்னலுக்குக் கீழே ஈரமண் தெரிந்தது, பிறகு பாசி, பிறகு வாசலின் கால்கள். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் விலகிப் பாதை வந்துவிட்டது.

"இப்போது நல்ல நேரம்" என்றார் ஒகாடா. "மூன்றிலிருந்து நான்கு வரை."

இருவரும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஈரமணலில் நடந்தார்கள். அக்காவின் கால் புதையும் இடங்களில் புஷ்பக்கனி கை கொடுத்தாள். வாசலின் அடிமரத்தில் சிப்பிகள் ஒட்டியிருந்தன. அவ்வளவு பெரியது, அவ்வளவு பக்கத்தில், ஒன்றும் கேட்காமல் நின்றது.

"ஆணா, பொண்ணா?" என்று அக்கா கேட்டாள்.

புஷ்பக்கனிக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. "பொண்ணு. வளர்மதி. முப்பத்தாறு முடிஞ்சுருச்சு. பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கா."

"நல்லாப் பொறந்தாளா? கண்ணு, காது எல்லாம்?"

"எல்லாம் நல்லா இருக்கு."

"அவளுக்கு அம்மை வந்துச்சா?"

"ஆறு வயசுல. நெத்தியில ஒரே ஒரு தழும்பு இருக்கு."

"சொறிஞ்சிருப்பா" என்றாள் அக்கா. "கையைக் கட்டிவச்சிருக்கணும். நீ பாத்துக்கிட்ட லட்சணம் அது."

"நீ வந்து பாத்துருக்கணும்" என்றாள் புஷ்பக்கனி.

"ஆமா" என்றாள் அக்கா. "வந்துருக்கணும்."

மறுபடி நீர் ஏறும்வரை அங்கேயே நின்றார்கள். கணுக்காலுக்கு வந்தபோதுதான் கரையைப் பார்த்துத் திரும்பினார்கள்.

*

திரும்பும் வழியில் கியோட்டோவில் பொன் மண்டபத்தையும் பார்த்தார்கள். ஐந்தாவது தாளில் இருந்தது அதுதான். ஆகஸ்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதால் அதற்கு இவர்களைத் தெரியாது. அறையோ ஒகாடாவின் கேள்வியோ அங்கே கிடையாது. எல்லோரையும்போல வரிசையில் நின்று டிக்கெட் எடுத்து, குளத்தின் இந்தக் கரையிலிருந்து பார்த்தார்கள். மண்டபமும் அவர்களை, வந்த கூட்டத்தில் இரண்டு பேர் என்றுதான் பார்த்தது. அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. ஐந்து நிமிடம் கூடுதலாக நின்று, "நான் ஜெயக்கொடி. இவ என் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

புஷ்பக்கனி திருப்பூருக்குப் போகவில்லை. போனில் துரைச்சாமியிடம், "பத்து நாள் கழிச்சு வரேன். வளர்மதியை லீவு போட்டுட்டுச் சிவகாசிக்கு வரச் சொல்லுங்க, பெரியம்மாவைப் பாக்கணும்" என்றாள். துரைச்சாமி தானும் வரலாமா என்று கேட்டார். புஷ்பக்கனி போனைப் பொத்திக்கொண்டு அக்காவிடம் கேட்டாள். "மணி அடிக்காம வரச் சொல்லு" என்றாள் அக்கா.

அக்கா இப்போது இருந்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒற்றை அறையும் அடுப்படியும் உள்ள வாடகை வீடு. போய்ச் சேர்ந்த மறுநாள் மத்தியானம் இருவரும் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவும்போது காலடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அடுப்படி மூலையிலிருந்து மியாஜிமாவின் கடல் மெல்ல ஏறி, அறையை நிறைத்து, நடையைத் தாண்டித் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. கணுக்கால் அளவு. புஷ்பக்கனி பெட்டியைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தாள். அக்கா அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தாள். பிறகு இருவரும் கட்டிலில் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு வெற்றிலை போட்டார்கள். ஆறு மணி நேரத்தில் வடிந்துவிட்டது. தரையில் நான்கு சிப்பியும் கொஞ்சம் பாசியும் கிடந்தன. கூட்டித் தள்ளினார்கள். விடிவதற்குள் மறுபடி ஒருமுறை ஏறியது.

மூன்றாம் நாள் எதிர்வீட்டு ராக்கம்மா சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தெருத்தண்ணீரில் நடந்து வந்தாள்.

"மதினி, உங்க வீட்டுக் கடல் எங்க வாசல் வரைக்கும் வருது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. நான் எத்தனை மணிக்குக் கோலம் போடட்டும்?"

அக்கா விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாள்.

"அஞ்சே முக்காலுக்கு வடிஞ்சிரும்" என்றாள். "ஆறு மணிக்கு மேல போடு. புள்ளி மட்டும் கொஞ்சம் அழுத்தி வை."